பணம் கட்டியாச்சு, ஆனா திறக்கல: வீட்டுக் கணினியில் சந்தா, கணக்குக் குழப்பங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத்திலும் பழக்கத்திலும் யார் வீட்டுக் கணினி தகராறு செய்தாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிப் பல வருடம் ஆகிறது. முன்பெல்லாம் வைரஸ் என்பார்கள், பிரிண்டர் ஓடவில்லை என்பார்கள். இப்போது வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை சாஃப்ட்வேரைப் பற்றியவையே இல்லை, சந்தா, கணக்கு, பாஸ்வேர்டு, எங்கேயோ கழிந்துபோன பணம், இவைதான். ஒரே பதிலைப் பலமுறை சொல்லிவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் என்னிடம் கேட்கப்பட்ட மாதிரியே இருக்கின்றன. முடிந்தால் முதல் கேள்வியிலிருந்து படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

1. அக்கவுண்ட், சப்ஸ்கிரிப்ஷன், கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேர், மூணும் ஒண்ணுதானே?

இல்லை. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் கீழே உள்ளவற்றில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். சாஃப்ட்வேர் உங்கள் கணினியில் இறங்கி உட்கார்ந்திருப்பது. சந்தா என்பது அதைப் பயன்படுத்தக் கிடைத்த அனுமதி, அது உங்கள் கணினியில் இல்லை, விற்ற நிறுவனத்தின் சர்வரில் ஏதோ ஒரு மெயில் முகவரியின் பேரில் பதிவாகியிருக்கிறது. கணக்கு என்பது அந்த மெயில் முகவரியும் அதன் பாஸ்வேர்டும். இதோடு நான்காவதாகப் பணம் போகும் வழி இருக்கிறது: நேராகக் கார்டிலிருந்து போகலாம், ஆப்பிள் அல்லது கூகுள் பிளே வழியாகப் போகலாம், கடையில் வாங்கிய கீயாகவும் (பெட்டியோடு வரும் ரகசிய எழுத்துத் தொடர்) இருக்கலாம்.

யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது மூன்றுதான். சந்தா எந்த முகவரியில் இருக்கிறது? கணினியில் இப்போது எந்த முகவரி திறந்திருக்கிறது? பணம் எந்த வழியாகப் போகிறது? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். எதையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம், இந்த மாதிரிச் சிக்கல்கள் அதனால் சரியாவது அபூர்வம்.

2. பணம் கட்டிட்டேன், கார்டுல கழிஞ்சும் போச்சு. வேர்ட் இன்னும் சந்தா முடிஞ்சுபோச்சுன்னே சொல்லுது. ஏன்?

அனேகமாகப் பணம் ஒரு கணக்குக்குப் போயிருக்கிறது, வேர்ட் வேறொரு கணக்கில் திறந்திருக்கிறது. என் பெரியப்பா ஒருமுறை இதே புகாரோடு கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வேர்டின் மேலே குறுக்காக ஒரு பட்டை, புதுப்பிக்கச் சொல்லி. வலது மேல் மூலையில் சின்ன வட்டம், அதற்குள் ஒரு எழுத்து. அந்த எழுத்து பெரியப்பா பெயரின் முதல் எழுத்து இல்லை, அவர் மகளுடையது. அவள் கல்லூரிக் காலத்தில் அந்தக் கணினியில் லாகின் செய்தவள், வெளியேறவே இல்லை. பெரியப்பா புதுப்பித்ததோ போனில், தன் சொந்த முகவரியில். அவர் பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டே இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார், வட்டத்தைப் பார்க்கவே இல்லை.

நீங்களும் அந்த வட்டத்திலிருந்து தொடங்குங்கள். வேர்டில் ஃபைல் மெனுவுக்குள் போய் அக்கவுண்ட் என்பதை அழுத்தினால் எந்த முகவரி திறந்திருக்கிறது என்று முழுதாகக் காட்டும். பணம் கட்டிய ரசீது எந்த முகவரிக்கு வந்தது என்று பாருங்கள். இரண்டும் வேறு என்றால் வேர்டிலிருந்து சைன் அவுட் செய்து, மூடித் திறந்து, ரசீதில் உள்ள முகவரியில் உள்ளே வாருங்கள். விண்டோஸுக்குள் நுழையும் கணக்கும் வேர்டின் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதை மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

3. எந்த மெயில்ல வாங்கினேன்னே ஞாபகம் இல்லையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரசீதைத் தேடுங்கள். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு மெயில் பெட்டியிலும், பழையது, மறந்தது, போனில் மட்டும் இருப்பது எல்லாவற்றிலும், ரிசீட், இன்வாய்ஸ், ஆர்டர், ரினியூவல் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள், நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து. ஸ்பாமையும் குப்பைத்தொட்டியையும் விட்டுவிடாதீர்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வங்கிக் கணக்கு அறிக்கைக்குப் போங்கள், கழிந்த தேதியும் தொகையும் அதில் இருக்கும், அந்தத் தேதியை வைத்து மெயிலில் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அறிக்கையில் ஆப்பிள் என்றோ கூகுள் என்றோ இருந்தால் நீங்கள் அந்தச் சாஃப்ட்வேர் நிறுவனத்திடம் நேராக வாங்கவில்லை என்று அர்த்தம், ஆறாம் கேள்வியைப் பாருங்கள்.

ரசீது கிடைத்ததும் "பெறுநர்" வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஜிமெயில் முகவரியில் நடுவில் வரும் புள்ளிகளை கூகுள் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை, புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் மெயில் ஒரே பெட்டிக்குத்தான் வரும். மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் அப்படி இல்லை, அவர்களுக்குப் புள்ளி உள்ளதும் இல்லாததும் இரண்டு வேறு ஆட்கள். தெரிந்த அக்கா ஒருவர் ஒரு மணி நேரம் என்னோடு வாதாடினார், இதே முகவரிக்குத்தான் ரசீது வந்திருக்கிறது, ஆனால் உள்ளே போனால் சந்தா ஏதும் இல்லை என்கிறார்கள் என்று. ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியோடு லாகின் செய்தோம், சந்தா அங்கே இருந்தது.

இன்னும் இரண்டு இடங்களில் வழி தவறும். "கூகுள் மூலம் நுழைக" என்ற பொத்தானை அழுத்தி வாங்கியிருந்தால் அந்தத் தளத்தில் உங்களுக்குத் தனிப் பாஸ்வேர்டே இருக்காது, எதைத் தட்டினாலும் தவறு என்றுதான் வரும், மறுபடி அதே பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். ஆப்பிள் பொத்தானை அழுத்தி, முகவரியை மறைக்கச் சொல்லியிருந்தால் ஆப்பிளே ஒரு புனை முகவரியைக் கொடுத்திருக்கும், அது என்னவென்று ஆப்பிள் கணக்கின் அமைப்புகளில் பார்க்கலாம்.

4. ஒரே மெயிலைப் போட்டா "வேலைக் கணக்கா, சொந்தக் கணக்கா"ன்னு மைக்ரோசாஃப்ட் கேட்குது. எனக்கு இருக்கிறது ஒரு கணக்குதானே?

இரண்டு இருக்கிறது. அலுவலகமோ பள்ளியோ கொடுத்த மெயில் முகவரியை வைத்து நீங்களே முன்பு எப்போதோ ஒரு சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கையும் திறந்திருப்பீர்கள். 2016க்குப் பிறகு அப்படிப் புதிதாகத் திறக்க விடுவதில்லை, பழையவை மட்டும் அப்படியே நிற்கின்றன. இரண்டுக்கும் பெயர் ஒன்று, பாஸ்வேர்டு வேறு, உள்ளே இருக்கும் ஃபைல்களும் வேறு. வீட்டுக்காக வாங்கிய சந்தா சொந்தக் கணக்கில்தான் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

அதோடு விடாமல், சொந்தக் கணக்குக்குள் போய் உங்கள் சொந்த மெயில் முகவரி ஒன்றை மாற்றுப் பெயராகச் சேர்த்து, அதையே முதன்மையாக்கி, அலுவலக முகவரியை நீக்கிவிடுங்கள். வேலையை விட்டால் அந்த மெயில் பெட்டி உங்கள் கையில் இருக்காது, உறுதிப்படுத்தும் குறியீடு எல்லாம் அங்கே போய் விழும். இது நடந்த பிறகு மீட்பது மிகவும் கஷ்டம்.

5. ரெண்டு கணக்கையும் ஒண்ணாச் சேர்த்துட முடியாதா?

மைக்ரோசாஃப்டிலும் கூகுளிலும் முடியாது. செய்யக்கூடியது, ஒன்றை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்து மற்றதிலிருந்து ஃபைல்களை இறக்கி இதில் ஏற்றுவது. சந்தா தவறான கணக்கில் இருந்தால் அங்கே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி, காலம் முடிந்ததும் சரியான கணக்கில் வாங்குங்கள், அவசரப்பட்டு இரண்டிலும் கட்டாதீர்கள். நான்காம் பதிலில் சொன்ன மாற்றுப் பெயர் ஒரே கணக்குக்குப் பல முகவரி தருவது, கணக்குகளை இணைப்பது இல்லை.

6. ஆப்பை அழிச்சுட்டேன், அப்புறமும் மாசாமாசம் பணம் போகுதே?

போகத்தான் செய்யும். நீங்கள் அழித்தது சாஃப்ட்வேரை. சந்தா சர்வரில் அப்படியே உயிரோடு இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன வேறுபாடு இதுதான், பலருக்கும் பணம் போய்த்தான் புரிகிறது.

எந்த வாசல் வழியாக வாங்கினீர்களோ அந்த வாசலில்தான் நிறுத்த முடியும். ஐபோனில் வாங்கியது என்றால் அமைப்புகளில் உங்கள் பெயரை அழுத்தி, அதற்குள் சந்தாக்கள் பட்டியலில் நிறுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் வாங்கியது என்றால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தை அழுத்தி, பணமும் சந்தாக்களும் என்ற பகுதிக்குள். நிறுவனத்தின் தளத்தில் கார்டு எண் கொடுத்து வாங்கியிருந்தால் அந்தத் தளத்தில். ஐபோனில் வாங்கியதை நிறுத்தச் சொல்லி சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு மெயில் போட்டால் "எங்களால் முடியாது" என்றே பதில் வரும், அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை, உண்மையிலேயே அந்தச் சாவி அவர்களிடம் இல்லை. வீட்டில் இரண்டு மூன்று ஆப்பிள் அல்லது கூகுள் கணக்குகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் பாருங்கள். ஒன்றில் சந்தா ஏதும் இல்லை என்று காட்டினால் அந்தக் கணக்கில் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

நிறுத்திய பிறகு அதை உறுதிசெய்யும் மெயில் வர வேண்டும். வரவில்லை என்றால் நிறுத்தவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "நிச்சயமாகவா?" என்று மூன்று நான்கு பக்கம் காட்டி, கடைசிப் பொத்தானை மங்கலான நிறத்தில் வைக்கும் தளங்கள் உண்டு, பாதியில் மூடிவிட்டு நிறுத்திவிட்டதாக நம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

7. கார்டு அடுத்த மாசம் காலாவதி ஆகுது, சந்தாவும் தானா நின்னுடும்னு விட்டுட்டேன். சரிதானே?

நம்ப வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும், புதிய கார்டின் எண்ணையும் தேதியையும் வங்கி மூலமாகப் பெற்று, நீங்கள் முன்பு கார்டு கொடுத்து வைத்த வணிகருக்குத் தெரிவிக்கும் சேவை இருக்கிறது. உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் நீங்கள் எதுவும் செய்யாமலேயே புதுக் கார்டிலிருந்து பணம் போகும். சில நிறுவனங்கள் பணம் வராவிட்டால் பாக்கி என்று எழுதி வைத்துக்கொண்டு, கணக்கைப் பூட்டியும் வைக்கும். வேண்டாம் என்றால் ஆறாம் பதிலில் உள்ளபடி முறையாக நிறுத்துங்கள்.

8. ஒரு மாசம் இலவசம்னு போட்டிருந்தாங்க. கடைசி நாள் நிறுத்தலாம்னு இருந்தேன், அதுக்குள்ள பணம் எடுத்துட்டாங்க.

ஆப்பிளில் இலவசக் காலம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், கடைசி நாள் என்பது அங்கே தாமதம். மற்ற இடங்களிலும் நாள் எந்த நேர மண்டலத்தில் முடிகிறது என்று நமக்குத் தெரியாது. நான் செய்வது, இலவசக் காலம் தொடங்கிய அன்றே நிறுத்திவிடுவது. பெரும்பாலான சேவைகள் நிறுத்தினாலும் காலம் முடியும்வரை பயன்படுத்த விடும். சில உடனே மூடிவிடும், அதை நிறுத்தும் பக்கத்திலேயே சொல்வார்கள், படித்துவிட்டு அழுத்துங்கள்.

பணம் எடுத்துவிட்டார்கள் என்றால் அன்றே ரீஃபண்ட் கேளுங்கள், அதுவும் வாங்கிய வாசலிலேயே. ஒரு நாள் இரண்டு நாளுக்குள், பயன்படுத்தாமல் கேட்டால் திருப்பித் தர வாய்ப்பு அதிகம். கோபத்தில் நேராக வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தை இழுக்க வேண்டாம். அப்படிச் செய்தால் கணக்கையே முடக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு, அந்தக் கணக்கில் உங்கள் மெயிலும் படங்களும் இருந்தால் இழப்பு பல மடங்கு ஆகிவிடும். நிறுவனம் மறுத்து, உங்கள் பக்கம் ஆதாரமும் இருந்தால் பிறகு வங்கிக்குப் போகலாம்.

9. மாசக் கட்டணம்னுதான் எடுத்தேன், நிறுத்தப் போனா பாதிப் பணம் கேட்கிறாங்களே?

மாதாமாதம் கட்டுவது வேறு, மாத ஒப்பந்தம் வேறு. போட்டோஷாப் விற்கும் அடோபியில் இந்தக் குழப்பம் அதிகம், அங்கே "ஒரு வருடத் திட்டம், மாதத் தவணை" என்று ஒன்று இருக்கிறது, பார்வைக்கு மாதச் சந்தா மாதிரியே தெரியும். முதல் 14 நாளுக்குள் நிறுத்தினால் முழுப் பணமும் திரும்ப வரும், அதற்குப் பிறகு என்றால் வருடத்தில் மீதமுள்ள தொகையில் 50 சதவீதம் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தைச் சரியாகத் தெரியும்படி சொல்லவில்லை என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மீது வழக்கே தொடுத்தது. வாங்கும் பக்கத்தில் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் "வருடம்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அடுத்த புதுப்பிப்புத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அது வருவதற்குக் கொஞ்சம் முன்பாகவே நிறுத்திவிடுவதுதான் பாதுகாப்பு.

விலை ஏறிவிட்டது என்று வருபவர்களுக்கும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 2025இல் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரைச் சேர்த்து வீட்டுச் சந்தாக்களின் விலையை ஏற்றியபோது, கோபைலட் இல்லாத பழைய திட்டம் "கிளாசிக்" என்ற பெயரில் பழைய சந்தாதாரர்களுக்கு இருந்தது, ஆனால் நிறுத்தப் போகும் பக்கத்தில்தான் கண்ணில் பட்டது. இதற்காக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. ஆகவே நிறுத்தும் பொத்தானை நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்பதில் தப்பே இல்லை, குறைந்த விலைத் திட்டம் அங்கே ஒளிந்திருக்கலாம்.

10. சந்தா நின்னா என் ஃபைல் எல்லாம் போயிடுமா?

கணினியின் ஹார்டு டிஸ்கில் இருப்பவை எங்கும் போகாது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா முடிந்தால் வேர்டும் எக்செலும் திறக்கும், படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், திருத்தவோ புதிதாக எழுதவோ முடியாது. அதே ஃபைல்களை இலவசமான லிப்ரே ஆஃபீஸிலோ, பிரவுசரில் ஓடும் இலவச வேர்டிலோ திறந்து திருத்தலாம். அடோபி வேறு மாதிரி, போட்டோஷாப் திறக்கவே திறக்காது. நிறுத்துவதற்கு முன் முக்கியமான படங்களைச் சாதாரண வடிவத்தில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவலைப்பட வேண்டியது ஆன்லைனில் இருப்பவற்றுக்குத்தான். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவோடு அவர்களுடைய ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவில் 1 டிபி கிடைக்கும், சந்தா போனால் 5 ஜிபி. அதற்கு மேல் வைத்திருந்தால் புதிதாக ஏற்ற முடியாது, இறக்கிக்கொள்ளலாம், அப்படியே ஆறு மாதத்துக்கு மேல் விட்டால் அழித்துவிட அவர்களுக்கு உரிமை உண்டு. கூகுளில் இலவசம் 15 ஜிபி, அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. அளவு தாண்டினால் மெயில் வருவதும் போவதும் நின்றுவிடும், இரண்டு வருடம் அப்படியே இருந்தால் உள்ளே இருப்பதை அழிக்கலாம். ஆப்பிளின் ஐக்ளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல விண்டோஸ் கணினிகளில் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் தெரியாமலேயே ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். "ஆன்லைனில் இடம் இல்லையே" என்று ஒன்டிரைவ் தளத்தில் போய் அழித்தால் கணினியிலிருந்தும் மறைந்துவிடும். அழிக்கும் முன் ஒரு வெளி டிஸ்கில் பிரதி எடுங்கள். அழித்தேவிட்டால் ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், உடனே போய் எடுங்கள்.

11. ஃபேமிலி பிளான்ல சேர்ந்தா என் படங்களை வீட்டுல எல்லாரும் பார்ப்பாங்களா?

பார்க்க முடியாது. மைக்ரோசாஃப்ட் 365 ஃபேமிலியில் ஆறு பேர் வரை, ஒவ்வொருவருக்கும் தனியாக 1 டிபி. கூகுளில் பணம் கட்டி வாங்கும் சேமிப்பிடமான கூகுள் ஒன்னில் இடம் பொதுவானது, ஆனால் ஃபைல்கள் தனித்தனி, ஒருவர் நிறையப் போட்டால் மற்றவருக்கு இடம் குறையும், அவ்வளவுதான். பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ளாமல் ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கில் அழைப்பை ஏற்க வேண்டும், அப்படிச் செய்யாமல் எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்தால்தான் படங்கள் கலக்கும்.

12. பழைய கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. புதுசுல போட்டா "ஏற்கெனவே பயன்படுத்திய கீ"ங்குது.

சந்தாவா, ஒரே தடவை வாங்கியதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் சந்தா என்றால் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், ஒரே நேரத்தில் ஐந்தில் லாகின் செய்திருக்கலாம். அடோபியில் இரண்டு. பழைய கணினி செத்துவிட்டாலும் பரவாயில்லை, பிரவுசரில் உங்கள் கணக்கைத் திறந்து அந்தக் கணினியை வெளியேற்றலாம்.

ஒரே தடவை வாங்கிய ஆஃபீஸ் என்றால் பெட்டியில் இருக்கும் 25 எழுத்துக் கீ முதல் தடவை போட்டபோதே ஒரு கணக்கோடு ஒட்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கீ வெறும் காகிதம், அதை மறுபடி மறுபடி தட்டிப் பயனில்லை. எந்தக் கணக்கோடு ஒட்டியது என்று கண்டுபிடித்து (மூன்றாம் பதில்) அதில் நுழைந்து டவுன்லோட் செய்யுங்கள்.

13. ஆயுள் முழுக்க ஆஃபீஸ்னு ரொம்ப மலிவா யூசர் நேமும் பாஸ்வேர்டும் குடுக்கிறாங்க. வாங்கலாமா?

வேண்டாம். அவர்கள் கொடுப்பது ஏதோ ஒரு நிறுவனத்தின் அல்லது பள்ளியின் பேரில் திறந்த கணக்கில் ஒருவருக்கான அனுமதி. அந்தக் கணக்கின் நிர்வாகி நீங்கள் இல்லை, யாரென்றே தெரியாத ஒருவர். நீங்கள் அந்த ஒன்டிரைவில் வைக்கும் ஆதார ஆவணம், குடும்பப் படம் எதையும் அவரால் எடுக்க முடியும், ஒருநாள் கணக்கை மூடினால் எல்லாமே போய்விடும். கூட ஐந்து டிபி இடம் கிடைக்கிறது என்று சொல்லித்தான் விற்பார்கள், ஆபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது.

14. ஆன்ட்டிவைரஸ் புதுப்பிச்சாச்சு, பெரிய தொகை கழியும், வேண்டாம்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு மெயில் வந்திருக்கு. நான் அதை வாங்கவே இல்லையே?

கூப்பிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மற்ற கேள்விகளில் போவது சந்தாத் தொகை, இதில் போவது சேமிப்பு முழுவதும். அந்த மெயிலில் லிங்க் இருக்காது, வைரஸ் இருக்காது, அழகான ரசீதும் ஒரு போன் எண்ணும் மட்டும் இருக்கும், அதனாலேயே ஸ்பாம் வடிகட்டி பிடிக்காது. கூப்பிட்டால் மிக மரியாதையாகப் பேசுவார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், அதற்கு இந்தச் சாஃப்ட்வேரை இறக்குங்கள் என்பார்கள், அது உங்கள் திரையை அவர்கள் கையில் கொடுக்கும் சாஃப்ட்வேர். பிறகு வங்கித் தளத்தைத் திறக்கச் சொல்வார்கள். திரையைக் கொஞ்ச நேரம் கறுப்பாக்கி, உங்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கே பணத்தை நகர்த்தியோ, பிரவுசரில் தெரியும் எண்ணை மட்டும் மாற்றியோ வைத்துவிட்டு, "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பித் தாருங்கள், என் வேலை போய்விடும்" என்று அழுவார்கள். நல்ல மனசு உள்ளவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள்.

உண்மையா என்று பார்க்க மெயிலைத் தொடவே வேண்டாம். பிரவுசரில் நீங்களே நிறுவனத்தின் முகவரியைத் தட்டி உள்ளே போய்ப் பாருங்கள், வங்கி அறிக்கையைப் பாருங்கள். இரண்டிலும் இல்லை என்றால் பொய். ஏற்கெனவே திரையைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வைஃபையை அணைத்துவிட்டு, கார்டின் பின்னால் இருக்கும் எண்ணில் வங்கியைக் கூப்பிடுங்கள், பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருக்காதீர்கள், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

15. போன் தொலைஞ்சுபோச்சு, நம்பரும் மாறிடுச்சு. ஓடிபி பழைய நம்பருக்கே போகுது.

ஏதாவது ஒரு கணினியில் அந்தக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், திறந்திருந்தால் சைன் அவுட் செய்துவிடாதீர்கள், அங்கிருந்தே புது எண்ணைச் சேர்க்க முயலுங்கள். இல்லாவிட்டால் முன்பு எடுத்து வைத்த காப்புக் குறியீடுகள் இருந்தால் போதும்: கூகுள் 10 குறியீடு தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அதுவும் இல்லை என்றால் வழக்கமாக லாகின் செய்யும் கணினியில், வழக்கமான வீட்டு இணையத்திலேயே மீட்பு முயற்சி செய்யுங்கள், தெரிந்த இடத்திலிருந்து வருவதை அவர்கள் நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள்.

மைக்ரோசாஃப்டில் பழைய எண், பழைய மெயில் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். இது திருடனைத் தடுக்க வைத்த காலம், யாராலும் குறைக்க முடியாது. பணம் கொடுத்தால் உடனே மீட்டுத் தருகிறேன் என்பவர் பதினான்காம் பதிலில் வரும் ஆளின் உறவினர்தான்.

16. விண்டோஸ் அப்டேட் ஆகி, நீலத் திரையில 48 இலக்க எண் கேட்குது. நான் எந்தப் பூட்டும் போடலையே?

நீங்கள் போடவில்லை, விண்டோஸே போட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த புதுக் கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும், பிட்லாக்கர் என்று பெயர். அப்படித் தானாகப் பூட்டும்போது சாவியான அந்த எண் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். போனிலோ வேறு கணினியிலோ மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கருவிகள் பகுதியில் மீட்புச் சாவிகளைப் பாருங்கள். திரையில் காட்டும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்தும் அங்கே உள்ளதும் பொருந்த வேண்டும். கணினியை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தது உங்கள் மகனோ மருமகளோ என்றால் சாவி அவர்கள் கணக்கில் இருக்கும், அவர்களைக் கேளுங்கள். எங்குமே கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பதை மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. கணினி நன்றாக ஓடும்போதே இன்றைக்கு அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

17. எல்லாம் அப்பா பேர்ல இருந்தது. அவர் இறந்துட்டார். எதை முதல்ல நிறுத்தணும்?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் கார்டையும் போன் எண்ணையும் ரத்து செய்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதனால்தான் வழி அடைபடுகிறது. வரிசையை மாற்றுங்கள். போன் எண்ணைக் கடைசிவரை உயிரோடு வையுங்கள், ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். மெயில் பெட்டியையும் மூட வேண்டாம், மூன்றாம் பதிலில் சொன்னபடி ரசீதுகளைத் தேடி எந்தெந்தச் சந்தா எங்கே இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். ஆன்லைனில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் முதலில் இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு ஒவ்வொரு சந்தாவாக நிறுத்துங்கள், அதன் பிறகு கார்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் எண். ஃபேமிலி பிளான் அவர் பேரில் இருந்தால் அதை நிறுத்தும் முன் வீட்டில் வேறு யாராவது புதிதாக ஒன்று தொடங்கி எல்லோரையும் அங்கே மாற்றிவிடுங்கள்.

பாஸ்வேர்டு தெரியவில்லை என்றால் கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம், நாளாகும், எல்லாம் கிடைக்கும் என்று உறுதியும் இல்லை. உயிரோடு இருப்பவர்கள் தங்களுக்காகச் செய்து வைக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பில் 10 பேர் வரை குறிப்பிடலாம், கணக்கு இத்தனை மாதம் அசையாமல் இருந்தால் இவர்களுக்குத் தெரிவி, இன்னின்னதைக் கொடு என்று. ஆப்பிளில் மரபுத் தொடர்பு என்று ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுத்தவரிடம் ஒரு சாவி இருக்கும், அதோடு இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் படங்களும் குறிப்புகளும் கிடைக்கும். வாங்கிய சினிமாக்கள், பாடல்கள், சேமித்த பாஸ்வேர்டுகள் அதில் வராது. என் அம்மாவுக்கு இரண்டையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே செய்து கொடுத்தேன், அரை மணி நேரம் ஆனது.